‘விடு’ என்ற ஒரு சொல்லுக்கு உடம்பைப் பழக்குவது

வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஈரக்குலை நடுங்குகிறது. கை கால் வெலவெலத்துப் போகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பதற்றத்தைச் சொல்லத் தமிழில் இருக்கிற சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே உடம்பைப் பற்றியவை. இவற்றை முதலில் சொன்னவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் பதறுகிறவரிடம் நாம் சொல்கிற யோசனை மட்டும் “மனசைப் போட்டுக் குழப்பிக்காதே”, “ஃப்ரீயா விடு”, “ரிலாக்ஸா இரு” என்று நேராக மனசுக்குப் போகிறது. தோளைக் கொஞ்சம் இறக்கு என்று யாரும் சொல்வதில்லை. எப்படி இறக்குவது என்று சொல்லித்தருபவர்கள் அதைவிடக் குறைவு.

இரவு பதினொன்றரைக்குப் படபடப்பு வந்ததும் யூடியூபில் “பதற்றம் குறைய” என்று தேடி, ஒரு மூச்சுப்பயிற்சி, அது சரிப்படாமல் ஒரு முத்திரை, அப்புறம் மழைச் சத்தம், அப்புறம் யாரோ மெல்லிய குரலில் பேசும் தியானம் என்று தாவுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு “இதுவும் வேலைக்கு ஆகல” என்று மூடுகிறார்கள். ஆகாதுதான். எண்ணெய் காய்ந்த பிறகு உளுந்தை ஊறப்போட்டு வடை சுட முடியாது. தளர்வு என்பது சைக்கிள் ஓட்டுவது போல, தையல் போல, பழகிப் பழகி வருகிற ஒரு கைத்திறன். படபடப்பு இல்லாத நேரத்தில் பழகினால்தான் இருக்கிற நேரத்தில் கைக்கு வரும். இதற்கென்றே ஒரு முறையான பாடத்திட்டம் உண்டு. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசையை இறுக்கிப் பின் தளர்த்தினால் இறுக்கத்துக்கும் தளர்வுக்குமான வித்தியாசத்தை ஆள் உணரக் கற்றுக்கொள்கிறார் என்று கண்டு, 1929ல் அதை ஒரு முறையாக வெளியிட்டார். அவருடைய முறை மாதக்கணக்கில் நீளும். பின்னால் வந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே அதைச் சுருக்கினார். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் இன்னும் ஒரு படி போய், இருபது நிமிடத்தில் வருகிற தளர்வைப் படிப்படியாக இருபது முப்பது வினாடிக்குக் கொண்டுவரும் வழியை 1987ல் விரிவாக எழுதினார். ‘அப்ளைடு ரிலாக்சேஷன்’ என்று பெயர். எதற்கெடுத்தாலும் கவலை என்கிற பொதுப் பதற்றக் கோளாறுக்கு, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011ல் தந்த வழிகாட்டலில் சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு இது சரிவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு எளிய ரத்தப் பரிசோதனை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் பதற்றத்தைப் போலவே வரும். டிஎஸ்ஹெச் பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தசோகையும் அப்படித்தான், மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதை “எனக்குப் பயம்” என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுக்கிறவர்களுக்கு, எடுத்த சிறிது நேரத்தில் கை நடுங்கி நெஞ்சு துடிப்பது அந்த மருந்தின் வேலை. இவை இருந்தால் தசைப் பயிற்சியோடு வைத்தியமும் வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: இறுக்கி விடுதல்

தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். முதுகும் தலையும் சாய்கிற நாற்காலி வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, தலைக்கும் சுவருக்கும் நடுவில் துண்டைச் சுருட்டி வைத்தாலும் போதும். பாயில் படுத்துச் செய்யலாம்தான், ஆனால் பாதியிலேயே குறட்டை வந்துவிடும், தூங்கினால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. தூக்கத்துக்காகச் செய்வது வேறு, அதைப் பழகி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு செய்யாதீர்கள். கண்ணாடி, வாட்ச், பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

தனியறை இல்லாத வீடுதான் நம்மில் பலருக்கு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் காய்கறி வண்டி, கூடத்தில் டிவி எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். முழு அமைதியில் மட்டும் பழகிய தளர்வு, நெரிசலான பேருந்தில் கைவிட்டுவிடும். யாரும் வந்து கூப்பிடாத 20 நிமிடம் கிடைத்தால் போதும். மொட்டை மாடியோ, காலை ஆறு மணியோ, எது வசதியோ அது.

கணக்கு இதுதான்: ஒரு தசைக் கூட்டத்தை 5 வினாடி இறுக்க வேண்டும், சட்டென்று விட வேண்டும், 10 முதல் 15 வினாடி அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வலது கையை முஷ்டியாக மூடுவதில் தொடங்குங்கள். பிறகு இடது கை. முழங்கையை மடக்கி மேற்கைத் தசையைப் புடைக்க விடுவது, கையை நீட்டி விறைக்க வைப்பது. முகத்துக்கு வந்தால், புருவத்தை மேலே தூக்கி நெற்றியைச் சுருக்குவது, அடுத்து புருவத்தை நெரிப்பது, கண்களை இறுக மூடுவது, பல்லைக் கடிப்பது, நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவது, உதட்டைக் குவித்து இறுக்குவது. கழுத்துக்குத் தலையைப் பின்னால் அழுத்தி விட்டு, பிறகு தாடையை மார்புப் பக்கம் இறக்க வேண்டும். தோளைக் காது வரை தூக்க வேண்டும். நெஞ்சுக்கு, ஒரு மூச்சு முழுக்க இழுத்து அடக்கி, பிறகு விட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து இறுக்க வேண்டும். முதுகை லேசாக வளைக்க வேண்டும். குதிகாலைத் தரையில் அழுத்தினால் தொடை இறுகும். கால்விரல் நுனியை முன்னால் நீட்டினால் கெண்டைக்கால் இறுகும், பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால் முன்காலும் பாதமும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

இந்த வரிசையை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். “அடுத்தது என்ன?” என்று யோசிப்பதே ஒரு இறுக்கம். உங்கள் போனிலேயே உங்கள் குரலில் மெதுவாகப் படித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். காசு கட்டும் ஆப் எதுவும் தேவையில்லை. சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லலாம்.

எங்கே சறுக்கும் என்றால், முதலில் போடுகிற பலத்தில். பளு தூக்குவது போல முழு பலத்தையும் போடுகிறார்கள். முக்கால் பங்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் போனால் தலைவலி, கழுத்துப் பிடிப்பு. கெண்டைக்காலில்தான் அதிகம் குரக்களி இழுக்கும். இழுத்தால் பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி நிறுத்துங்கள், மறுநாளிலிருந்து அந்த இடத்துக்கு மட்டும் 3 வினாடி போதும். இரண்டாவது, இறுக்கத்தை மெல்ல மெல்ல இறக்குவது. மெல்ல இறக்கினால் வித்தியாசமே தெரியாது. கையில் பிடித்த கயிறு நழுவியது போலச் சட்டென்று விட வேண்டும். மூன்றாவது, மூச்சு. நெஞ்சுக்குச் செய்யும் அந்த ஒரு முறை தவிர வேறெங்கும் மூச்சை அடக்காதீர்கள், முஷ்டி மூடும்போதே மூச்சையும் பூட்டிவிடுவது பலருக்குத் தெரியாமல் நடக்கும். ஆட்டம் காணும் பல், தாடை வலி, கழுத்து எலும்புத் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள். கர்ப்பிணிகள் வயிற்றையும் முதுகையும் விட்டுவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சிலருக்குத் தளரத் தளரப் பதற்றம் கூடும். மிதப்பது போல, கை தன்னுடையதல்ல போல, பிடி நழுவுவது போல ஒரு உணர்வு வந்து திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எப்போதும் காவல் நின்று பழகிய உடம்புக்கு, காவலை இறக்குவதே ஆபத்தாகத் தெரிகிறது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள், உங்களிடம் மட்டும் உள்ள கோளாறு ஒன்றுமில்லை. அப்படியானால் கண்ணைத் திறந்து வையுங்கள், உள்ளங்கால் தரையில் பதியட்டும், இரண்டு கைக்கு மட்டும் 5 நிமிடம் செய்யுங்கள். நாலைந்து நாள் கழித்து தோளைச் சேர்க்கலாம், அடுத்து முகம். மொத்தத்தில் ஒரு வாரம் கூடும், அவ்வளவே.

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் இறுக்கம் எவ்வளவு என்று 0 முதல் 100க்குள் ஒரு எண் எழுதுங்கள். 60ல் தொடங்கி 45ல் முடிந்தால் அது நல்ல நாள். சுழியத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்த்து, நடுநடுவே “வந்துடுச்சா, வந்துடுச்சா” என்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வராது.

இருபது நிமிடத்தை இருபது வினாடியாக்குவது

மூன்றாவது வாரம் இறுக்குவதை நிறுத்திவிடலாம். உச்சந்தலையில் தொடங்கி நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், கை, வயிறு, தொடை, பாதம் என்று வரிசையாகக் கவனத்தைக் கொண்டுபோய், அங்கங்கே நேரடியாக விட வேண்டும். 5 முதல் 7 நிமிடத்தில் முடியும். எந்த இடம் முரண்டு பிடிக்கிறதோ அதை மட்டும் ஒரு முறை இறுக்கி விடலாம். ஏறக்குறைய எல்லோருக்கும் தாடையும் தோளும்தான் முரண்டு பிடிக்கும். இப்போது இதைப் படிக்கும்போதே மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக்கூடாது, அதுதான் தாடையின் ஓய்வு நிலை.

இதற்கும் ஒன்றிரண்டு வாரம். அப்புறம் சொல்லைச் சேர்ப்பது. முதலில் உடம்பைத் தளர்த்திவிட்டு, மூச்சு உள்ளே வரும் தருணத்தில் மனதுக்குள் ‘உள்ளே’ என்றும், வெளியே போகும் தருணத்தில் ‘விடு’ என்றும் சொல்ல வேண்டும். இப்படி இரண்டு மூன்று நிமிடம், தினம் இரண்டு வேளை. நூறு முறை தளர்வோடு சேர்ந்து வந்த சொல், பிற்பாடு தனியாக வந்தாலும் தளர்வைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸ்’ என்று சொல்லச் சொல்வார்கள். என் கணிப்பில் ‘விடு’ அதைவிட நல்ல சொல். இரண்டே எழுத்து, மூச்சு வெளியேறும் நீளத்துக்கு இழுக்கலாம், யாரோ நட்பாகத் தோளில் தட்டிச் சொல்வது போலவும் இருக்கிறது.

மூச்சு பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் “நல்லா ஆழமா மூச்சை இழுத்து விடு” என்கிற யோசனைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. பதறும்போது ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்று போய்க்கொண்டிருக்கிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, எறும்பு ஊர்வது போல இருக்கும். நெஞ்சு இறுகும். காற்று போதவில்லை என்றே தோன்றும், ஆள் இன்னும் ஆழமாக இழுப்பார், இன்னும் கிறுகிறுக்கும். எனவே கூட்ட வேண்டியது உள்மூச்சை அல்ல. மூக்கால், சத்தம் கேட்காத அளவு சிறிதாக, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். ஒரு சுற்றுக்கு 10 வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இப்படிச் செய்தும் தலை சுற்றினால் அளவு அதிகம் என்று பொருள், இழுக்கும் காற்றைக் குறையுங்கள். உள்மூச்சில் இதயம் சற்று வேகம் எடுக்கும், வெளிமூச்சில் சற்று இறங்கும், அதனால்தான் வெளிமூச்சு நீள வேண்டும் என்பது. திருமூலர் சொல்லும் கணக்கில் பூரகம் எனும் உள்மூச்சு 16, கும்பகம் எனும் மூச்சை அடக்குதல் 64, ரேசகம் எனும் வெளிமூச்சு 32. அதிலும் வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு. ஆனால் 64 எண்ணும் வரை அடக்கும் அந்தக் கும்பகத்தைப் பதற்றக்காரர்கள் தொடவே வேண்டாம், மூச்சை அடக்குவது அவர்களுக்கு மூச்சு முட்டுவதன் ஒத்திகை ஆகிவிடும். மூக்கால் இரண்டு தடவை தொடர்ச்சியாக இழுத்து வாயால் நீளமாக விடும் பெருமூச்சு முறையை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023ல் சோதித்து, தினம் 5 நிமிடம் என்ற கணக்கில் மனநிலைக்கு நல்லது என்று வெளியிட்டார்கள். அதுவும் நல்லதே. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒன்றாக மாற்றாதீர்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், வந்தது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்த படி, அசைந்துகொண்டே தளர்வது. ஒரு வேலைக்கு எந்தத் தசை வேண்டுமோ அது மட்டும் வேலை செய்யட்டும், மற்றவை சும்மா இருக்கட்டும் என்பது இதன் சாரம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்குவது, பிறகு மேசையில் எழுதுவது, பிறகு நிற்பது, கடைசியாக நடப்பது. பாத்திரம் கழுவும்போது கவனியுங்கள்: விரல்களுக்கு வேலை இருக்கிறது, தோள் ஏன் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது? பேனாவைப் பிடிக்கும் கைக்கு வேலை, நெற்றி எதற்குச் சுருங்குகிறது? கண்ணை மூடிச் செய்யும் எதையும் வண்டி ஓட்டும்போது செய்யக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வருவதுதான் இந்த முறையின் உயிர். ஒரு நாளைக்கு 15 முதல் 20 முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 வினாடி. ஒன்று முதல் மூன்று மெல்லிய மூச்சு, வெளியே போகும்போது ‘விடு’, கூடவே உடம்பை மேலிருந்து கீழே ஒரு பார்வை. அவ்வளவுதான். படபடப்பு இல்லாத சாதாரண நேரங்களில் செய்ய வேண்டும். நினைவு வருவதற்கு ஏதாவது அடையாளம் வேண்டும், இல்லாவிட்டால் மாலையில்தான் “அடடா” என்போம். ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டை போன் கவரின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று வாட்ச் பட்டையில். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்ட வேண்டாம், அங்கே ஏற்கெனவே பத்து இருக்கும், கண்ணில் படாது. நான்கு நாளில் பொட்டு பழகிப்போய் கண்ணுக்கு மறையும். அப்போது நிறத்தை மாற்றுங்கள்.

தேவைப்படும் இடத்தில் பயன்படுத்துவது

ஏழெட்டு வாரம் கழித்துத்தான் இந்தக் கட்டம். இதற்காக முதல் வாரத்திலிருந்தே ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பது நல்லது. பதற்றம் வரும்போதெல்லாம் நேரம், இடம், முதலில் உடம்பில் எங்கே தெரிந்தது, 100க்கு எவ்வளவு என்று நான்கே விஷயம். கதை எழுத வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் உங்களுடைய முதல் அறிகுறி பிடிபடும். ஒருவருக்கு அடிவயிறு, ஒருவருக்கு உள்ளங்கை வியர்ப்பது, ஒருவருக்குத் தொண்டை அடைப்பது. 20ல் இருக்கும்போது பிடித்தால் அந்த முப்பது வினாடி வேலை செய்யும். 80ஐத் தொட்ட பிறகு பெரிதாக எதுவும் செய்யாது, அங்கே அலை இறங்கும் வரை இருப்பதுதான் வழி. திடீர்ப் பீதி பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும்.

பேருந்தில் ஏறப் பயப்படுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத மதியம், ஜன்னலோர இருக்கை, ஒரே ஒரு நிறுத்தம். அடுத்து மூன்று நிறுத்தம். அடுத்து நடு இருக்கை. அடுத்து காலை ஒன்பது மணி நெரிசலில் நின்றுகொண்டு. ஒவ்வொரு படியையும் எண் பாதியாகக் குறையும் வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டே மேலே போக வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், இறங்கியதால் தப்பித்தேன் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்ளும், அடுத்த முறை ஏறுவது இன்னும் கடினம்.

கூடவே கொண்டுபோகும் கவசங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சை, ஒரு மாத்திரை அட்டை, யாராவது துணைக்கு, போனில் ஆம்புலன்ஸ் எண். கொரோனாவுக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வேறு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 98 என்று பார்த்து நிம்மதியாகி, பத்து நிமிடத்தில் 97ஐப் பார்த்து வியர்த்துக்கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 97ம் நல்ல எண்தான். பிபி மெஷினும் அப்படியே, பதறிக்கொண்டு பார்த்தால் கூடத்தான் காட்டும். மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்து கருவியைப் பீரோவில் வையுங்கள். நோயின் பெயரை இணையத்தில் தேடுவதும் இதே ரகம்.

பகல் முழுக்க ஓடும் கவலைக்கு, அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983ல் எழுதிய ஒரு உபாயம் உண்டு: கவலைக்கென்று தினம் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். மாலை ஆறு என்று வையுங்கள், படுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கட்டிலில் வேண்டவே வேண்டாம். மற்ற நேரத்தில் வருவதை ஒரு வரியில் குறித்து “ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்” என்று கைவேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு உண்மையாகவே உட்கார்ந்து கவலைப்பட வேண்டும், அதை ஏமாற்றினால் மறுநாள் மனசு ஒத்திவைக்க ஒப்புக்கொள்ளாது. பட்டியலில் பாதி அதற்குள் ஆறிப்போயிருக்கும். மீதியில், நாளைக்குச் செய்யக்கூடிய வேலை எது, ‘அப்படி ஆகிவிட்டால்’ வகை எது என்று பிரியுங்கள். முதல் வகைக்கு ஒரு அடி குறியுங்கள்: வங்கிக்குப் போன் செய்வது, ரிப்போர்ட்டை வாங்கி வருவது. இரண்டாவதுக்கு விடை கிடையாது.

காபியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும், மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்துக்கும் உள்ளேதான் இருக்கும். திக்கான டிகாஷன் நெஞ்சைத் துடிக்க வைக்கும், துடிப்பதைப் பார்த்துப் பயம் வரும். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், அந்த எரிச்சலையும் பதற்றம் என்றே எண்ணிக்கொள்வோம். நாலு டம்ளர் என்றால் மூன்று, இரண்டு என்று மூன்று நாளைக்கு ஒன்றாகக் குறைத்து, மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்துங்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளுக்கு மாறுவதும் ஒரு வழி, டிகிரி காபிக்காரர்கள் மன்னிக்கவும். சிகரெட் பதற்றத்தைக் குறைப்பதாகத் தோன்றுவது, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பை அடுத்தது அடக்குவதால். மதுவும் தூங்க வைத்துவிட்டு விடிகாலை மூன்று மணிக்குப் படபடப்போடு எழுப்பிவிடும்.

மாத்திரை, மருத்துவர், 108

நெஞ்சு வலியைப் “பயம்தான்” என்றோ “கேஸ்தான்” என்றோ வீட்டில் தீர்ப்பளித்து சோடா குடிக்க வைப்பது ஆபத்து. நடுநெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை, நடந்தால் கூடி நின்றால் குறைவது, கால் மணி நேரமாகியும் இறங்காமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் 108க்கு அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்புமாகவும் வரலாம். முதல் முறை வரும் எந்த நெஞ்சுப் படபடப்புக்கும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. எடுத்து, சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு அதே காரணத்துக்காக ஐந்தாவது ஈசிஜி எடுப்பது வேறு விஷயம், அது மேலே சொன்ன ஆக்சிமீட்டர் கதை.

பதற்றத்துக்கு நீண்ட நாள் கொடுக்கப்படும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சில நேரம் அதற்கு மேலும். முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். அங்கேதான் பலர் “இது ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். நன்றாக ஆன பிறகும் சட்டென்று நிறுத்தக்கூடாது, தலைசுற்றலும் எரிச்சலும் வரும், படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அல்பிரசோலம் வேறு ரகம். அரை மணியில் அடக்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும், சில வாரத்தில் அளவு ஏறும், நிறுத்தினால் முன்னைவிட மோசமான படபடப்பு. மாமாவுக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாதி மாத்திரை, இவை எதுவும் வேண்டாம். நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கத் தரும் ப்ரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

பதற்றத்தால் வேலைக்கோ பள்ளிக்கோ போவது நின்றுவிட்டால், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் எங்கிருந்தும் 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். ஒருவர் பீதியில் இருக்கும்போது நாலு பேர் சுற்றி நின்று “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டால் அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லவே கூடுதலாக மூச்சு வாங்குவார். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். ஃபேனைப் போடுங்கள், ஆளைப் படுக்க வைக்க வேண்டாம், முதுகு சாய உட்கார வையுங்கள். “மூச்சை இழு” என்று சொல்லாதீர்கள், நீங்களே மெதுவாக, காதில் கேட்கும்படி மூச்சை வெளியே விடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் அவருடைய மூச்சு உங்களுடையதைத் தொடரப் பார்க்கும். தோளில் கை வைக்கும் முன் வைக்கலாமா என்று கேளுங்கள், சிலருக்கு அந்த நேரத்தில் தொட்டாலே மூச்சு முட்டும். தண்ணீர் கொடுக்கலாம், மூச்சு வாங்கும்போது மடமடவென்று குடித்தால் புரையேறும், அதனால் டம்ளரில் கால்வாசி மட்டும், வாய் வைத்து உறிஞ்சச் சொல்லிக் கொடுங்கள்.